கோடை விசேஷத்துக்குக் கீற்றுப் பந்தல்

அக்னி நட்சத்திர வெயிலில் காதணி விழாவோ வளைகாப்போ வைத்திருக்கிறீர்களா? குமராட்சி, சிதம்பரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஊருக்குள்ளேயே கிடைக்கும்.

முதலில் பந்தல். தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம். காலை 10 மணிக்கே அனலைக் கீழே இறக்கிவிடும். மூங்கில் நட்டுத் தென்னங்கீற்று வேயுங்கள். ஓலை வெயிலைத் தடுக்கும். அதன் இடுக்கு வழியே சூடான காற்று மேலே போய்விடும்.

தோரணத்துக்குக் குருத்தோலை போதும். இளமஞ்சள் ஓலையை ஈர்க்கு நீக்கிக் கீறி, மடித்து, வாலைக் கத்தரித்துவிட்டால் கிளி தயார். செய்யத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் பிள்ளைகளை முதல் நாளே உட்கார வையுங்கள். வாடகை பிளாஸ்டிக் பூவில் இந்த அழகு வராது.

வாசலில் ஈர மணல்மேல் மண்பானைகள். ஒன்றில் சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட பானகம், இன்னொன்றில் நீர்மோர். மோரில் உப்பு மறக்காதீர்கள், வியர்வையில் போன உப்பை அதுதான் ஈடுகட்டும். பந்தியில் சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சு இருக்கட்டும். புளி ஊற்றிச் செய்வதால், தேங்காய் அரைத்த குழம்பு மாதிரி சீக்கிரம் ஊசிப்போகாது.

பொழுது சாய்ந்ததும் தெருக்கூத்து வையுங்கள். பழைய தென்னார்க்காட்டுத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். விடிய விடிய ஆட வேண்டாம், ஒரு மணி நேரக் காட்சி போதும். கலைஞர்களிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள்; முன்பணத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.