பற்றும் வரவும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எங்கள் இல்லத்தாரைப் பேசப் பணித்தபோது, இலக்கியம் பேசவோ சமயம் பேசவோ எங்களுக்குத் தகுதி இல்லை என்று தயங்கினோம். “உங்கள் தந்தையாரின் காரைப் பற்றிப் பேசுங்கள், அதில் ஏறாதார் நம் காலனியில் எவர் உளர்?” என்றனர். ஆகவே, உடன்பிறந்தார் மூவரும் கூடி எழுதிய இச்சிற்றுரையை உங்கள் முன் வைக்கின்றோம்.

அந்தக் காரின் பெயர் காண்டெசா. இது இத்தாலியச் சொல். சீமாட்டி என்பது பொருள். ஆயினும் அதன் தோற்றம் சீமாட்டியின் தோற்றமன்று, மல்லனின் தோற்றமாகும். அமெரிக்க நாட்டில் 1964-ஆம் ஆண்டு பாண்டியாக் நிறுவனத்தார் ஜி.டி.ஓ. என்னும் காரை வெளியிட்டனர். நடுத்தர அளவான உடலில் 389 கன அங்குலப் பேரெஞ்சினைப் பொருத்தி, 325 குதிரைத்திறன் பெற்றனர். அவ்வகை வண்டிகளுக்கு ‘மஸில் கார்’ என்று பெயர் வழங்கலாயிற்று. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியோடு அம்மல்லர்களின் முதற் காலம் முடிந்தது.

நம் நாட்டின் மஸில் கார் என்று அன்பர் பலர் கொண்டாடுவது காண்டெசாவையே. இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனத்தார் 1970-களில் செய்த காரை அடியொற்றி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் வங்காளத்து உத்தரபாராவில் இதனைச் செய்து 1984-இல் வெளியிட்டனர். உடல் பெரிது, உள்ளிருந்ததோ அம்பாசிடருக்குரிய 1,489 சி.சி. எஞ்சின். ஏறத்தாழ 50 குதிரைத்திறனே அதன் வலிமை. வீமனுக்குக் குழந்தையின் கிண்ணத்தில் சோறிட்டது போன்ற நிலை அது. பின்னரே, ஜப்பானிய இசுசூவின் 1,800 சி.சி. எஞ்சினும் ஐந்து கியரும் பெற்று, ‘காண்டெசா கிளாசிக்’ ஆயிற்று. 2002-ஆம் ஆண்டு அதன் உற்பத்தி நின்றது.

எங்கள் தந்தையார் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் பண்டகசாலை ஒன்றில் கணக்குப்பிள்ளையாக அமர்ந்தார். 1988-இல் அவருடைய முதலாளி ஒரு காண்டெசா கிளாசிக் வாங்கினார். பஜார் ரோட்டில் எதிரே ஒரு கைவண்டி வந்தால் நகர இடமில்லாத அத்தெருவில், நாலரை மீட்டர் நீளமுள்ள அவ்வண்டி யானை போல் நின்றதைத் தந்தையார் எத்தனையோ முறை எங்களுக்கு விவரித்துள்ளார். எட்டாண்டு அதனைப் பார்த்துக்கொண்டே பேரேடு எழுதினார். 1996-இல் முதலாளி அதனை விற்க எண்ணியபோது, தம் சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்கிவிட்டார். அப்பொழுது அவருக்குக் காரோட்டத் தெரியாது!

கடற்கரை ஊரில் இரும்பைக் காப்பது எளிதன்று. உப்புக்காற்று உள்ளிருந்தே அரிக்கும். ஞாயிறுதோறும் தந்தையார் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுவார். கதவுகளின் கீழுள்ள நீர்வழித் துளைகளைத் தென்னை ஈர்க்கால் குத்தித் தூய்மை செய்வார். அத்துளை அடைபட்டால் மழைநீர் தேங்கி, கதவு அடியிலிருந்து துருவேறும். உதிரிப்பொருள் தேடிச் சென்னைப் புதுப்பேட்டை வரை செல்வார். அம்பாசிடரிலும் பிற்காலத்தில் இதே இசுசூ எஞ்சின் வந்தமையால், ‘உறவுக்காரன் கொடுத்து உதவுகிறான்’ என்று மகிழ்வார்.

இப்பற்றின் சுமை யார் தோளில் விழுந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2003-இல் எஞ்சினை முற்றும் பிரித்துச் செப்பனிட நேர்ந்தது. பதினைந்தாண்டு நிறைந்ததால் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் சேர்ந்தது. எங்கள் அன்னையாரின் ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போயிற்று; மீளவில்லை. “ஒரு வீட்டில் இரண்டு சீமாட்டிகள் வாழ முடியாது” என்று மட்டும் சொன்னார். அதன்பின் நெடுநாள் அவ்வண்டியில் அவர் ஏறவில்லை. நாங்களும் அன்னையார் பக்கமே நின்றோம்.

2016-இல் அன்னையார் நோயுற்றார். முழங்கால் மடங்காது, சிறு கார்களில் அமர இயலாது. பிறந்த ஊரை ஒருமுறை காணவேண்டும் என்றார். காண்டெசாவின் அகன்ற பின்னிருக்கையில் அவரைக் கிடத்தி, தலையை எங்கள் சகோதரியின் மடியில் வைத்து, புனலூர் வழியே புறப்பட்டோம். ஆரியங்காவு மலைப்பாதையில் தந்தையார் முப்பது கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் செல்லவில்லை. செங்கோட்டைக் காற்று முகத்தில் பட்டதும் அன்னையார் கண் திறந்து, “ஓடுவது என் வளையல் அல்லவா?” என்றார். தந்தையார் மறுமொழி கூறவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் வெளியே நின்றார். இரண்டு திங்களில் அன்னையார் மறைந்தார்.

தந்தையார் 2024-இல் மறைந்தார். காரை விற்றுவிடுவது என்றே நாங்கள் முடிவு செய்தோம். இக்காலத்துப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கிறது. 2023-இல் மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டினோம்; 2025-ஆம் ஆண்டின் விதிப்படி, இருபதாண்டு கடந்த காருக்கு அது 10,000 ரூபாய். வாங்குவாரும் வந்தனர். வண்டியைத் துடைத்தபோது, முன்பெட்டியில் ஒரு கணக்கேடு கிடைத்தது.

கணக்குப்பிள்ளை அன்றோ! இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. பற்றில் பெட்ரோல், டயர், கேஸ்கெட் எல்லாம் ரூபாயில் இருந்தன. வரவில் ஒரு காசும் இல்லை. “1999: மூன்றாம் வீட்டுப் பெண், மணக்கோலத்தில்.” “2004: எதிர்வீட்டு மாமா, மருத்துவமனைக்கு, நலமாகத் திரும்பினார்.” “2011: பிள்ளைகள் ஐவர், தேர்வுக்கு.” இவ்வாறு பக்கம் பக்கமாக நீங்களே இருந்தீர்கள். 2003-ஆம் ஆண்டின் பற்றில் “வளையல் ஒரு ஜோடி” என்றிருந்தது. அதன்பின் ஒவ்வோராண்டின் தொடக்கத்திலும் “முன்பாக்கி: வளையல் ஒரு ஜோடி.” 2024-ஆம் ஆண்டின் பக்கத்திலும் அது தீரவில்லை.

பற்று என்னும் சொல் அன்பையும் குறிக்கும், கடனையும் குறிக்கும். அவ்விரண்டும் ஒரே சொல்லாய் இருப்பதன் காரணத்தை அன்றுதான் உணர்ந்தோம். ஒருவர் கொள்ளும் பற்றுக்கு வேறொருவர் பணம் கட்டுகிறார். அதை மறவாதிருப்பதே பற்றுடையார்க்கு அழகு.

காரை நாங்கள் விற்கவில்லை. செலவை மூவரும் சமமாக ஏற்கின்றோம். இனி எவர் வளையலும் அடகு போகாது. எங்கள் சகோதரி காரோட்டக் கற்று வருகிறார். முதல் வேலையாக, அன்னையாரின் பெயரை அவ்வேட்டின் வரவுப் பக்கத்தில் எழுதினோம்: “2016: செங்கோட்டை வரை.” தந்தையார் ஏனோ அதனை எழுதாது விட்டிருந்தார்.

இளைஞர்களே, ஞாயிறு காலையில் வாருங்கள். கழுவ ஆள் வேண்டும். தென்னை ஈர்க்கு நாங்கள் எடுத்து வைப்போம்.