காட்டுக் கொடியும் தோட்டக் கொடியும்



மாசி, பங்குனித் திங்களில் மும்பையிலும் தில்லியிலும் கடைத்தெருக்களில் குவியும் விதையற்ற பச்சைத் திராட்சையை நீங்கள் வாங்கியிருப்பீர்கள். அதிற் பெரும்பகுதி நாசிக் வட்டாரத்தினின்று வருவது. தாம்சன் என்பது கலிபோர்னியாவில் அதற்கு இடப்பட்ட பெயர். மேற்காசியாவில் அதுவே சுல்தானா, கிஷ்மிஷ் என வழங்கும். கொடிமுந்திரி என்னும் அழகிய தமிழ்ச் சொல்லை நாம் ஏனோ மறந்துவருகிறோம்!

இக்கொடியின் முன்னோர் ஆற்றங்கரை மரங்களிற் படர்ந்த காட்டுக் கொடிகள். அவற்றில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் கொடி காய்ப்பதில்லை. ஒரே பூவில் இருபாலும் அமைந்த கொடியைக் கண்டு மனிதன் தேர்ந்தெடுத்தான். அதுவே தோட்டக் கொடியாயிற்று. எங்கே, எப்போது? 2023ஆம் ஆண்டில் 3,500க்கும் மேற்பட்ட கொடிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட அறிஞர்கள், ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவிலும் காகசஸ் நாட்டிலும் தனித்தனியே இது நிகழ்ந்ததென முடிவு கூறினர். மேற்காசியக் கொடியே ஐரோப்பாவுக்குச் சென்று, அங்குள்ள காட்டுக் கொடிகளோடு கலந்து பல வகைகளாகப் பெருகிற்று.

விதையை ஊன்றினால் திராட்சை தாயைப்போல் இராது. ஆகவே உழவன் முற்றிய தண்டைக் கணுவோடு நறுக்கி நடுகிறான். அவ்வாறு முளைப்பது புதுக் கொடியன்று. பழைய கொடியே மற்றோரிடத்தில் வாழ்வதாகும். உலகெங்கும் பரவியுள்ள தாம்சன் கொடிகள் யாவும் ஒரு கொடியின் துண்டுகளே எனலாம். நம் நாட்டுத் தாஸ்-ஏ-கணேஷும் சோனாகாவும் அதில் தாமே தோன்றிய சிறு மாறுதல்களைப் பெருக்கியவைதாம். சுவை மாறாதிருப்பது நன்மையே. ஆயினும் உடன்பிறந்தார் அனைவர்க்கும் ஒரே உடல் என்றால், ஒருவனைக் கொல்லும் நோய் அனைவரையும் கொல்லுமன்றோ?

அதுவே நிகழ்ந்தது. 1860களில் அமெரிக்காவினின்று வந்த பைலாக்ஸரா என்னும் நுண்ணிய பூச்சி, பிரான்சின் கொடிகளை வேரில் தாக்கி அழித்தது. மருந்துகள் பெரிதும் பயன்படவில்லை. அப்பூச்சியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய அமெரிக்கக் காட்டுக் கொடிகளின் வேரோ அதைத் தாங்கவல்லது. அவ்வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிரான்சு பிழைத்தது.

நாசிக்கிலும் இம்முறையே வழங்குகிறது. அங்கே பகை பூச்சியன்று, வறட்சியும் உவர்நீரும். அவற்றைத் தாங்க டாக்ரிட்ஜ் என்னும் வேர்ச்செடி பயிலப்படுகிறது. அது அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்துக் காட்டுக் கொடி. மேற்காசியத் தண்டு, டெக்ஸாஸ் வேர், தக்காணத்து மண்!

ஐரோப்பியக் காட்டுக் கொடிகளின் நிலைமையோ இரங்கத்தக்கது. ஆறுகளுக்குக் கரை கட்டியமையாலும், அமெரிக்கப் பூச்சியாலும் பூஞ்சண நோய்களாலும் அவை பெரிதும் அருகின. ஜெர்மனியில் ரைன் ஆற்றை ஒட்டிய கெட்ச் என்னுமிடத்துக் காட்டில் எஞ்சியவற்றைக் காத்துவருகின்றனர். அவற்றினின்று நாற்று வளர்த்து ஆற்றங்கரைக் காடுகளில் மீண்டும் நடுகின்றனர்.