ஆறு வயது முதல் பத்து வயது வரை

(அட்டனில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளி நாட்களைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நான் படித்த தோட்டப் பாடசாலை ஒரே மண்டபம். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், நடுவே தட்டி கிடையாது. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டை முழங்கும். பக்கத்திலே முதலாம் வகுப்பு அரிச்சுவடி ஓதும். எவன் காதில் எது விழுந்ததோ அதுவே அவனுக்கு அன்றைய பாடம். தகரக் கூரையில் மழை இறங்கினால் அதுவும் இல்லை. அட்டன் மழையை அறிந்த உங்களுக்கு, ஆண்டில் எத்தனை நாள் அப்படிக் கழிந்தன என்று நான் கூற வேண்டியதில்லை. கொழுந்து மிகுந்த காலத்திலோ பெண்பிள்ளைகளின் இடம் வெறுமையாய்க் கிடக்கும். தாய் மலைக்குப் போனால் தம்பியை இடுப்பில் சுமப்பவள் அவளல்லவா?

இதை வறுமையின் கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த மண்டபம் சட்டம் கட்டிய மண்டபம். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பத்து வயது வரை தாய்மொழிக் கல்வி தரும் கடமையைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. எவருக்குக் கொழுந்து பறிக்கக் கைகள் வேண்டுமோ, அவரிடமே அந்தக் கைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பு! பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். துரைமாரில் நல்லவர் சிலர் இருந்திருக்கலாம், அதுவல்ல வழக்கு. பத்து வயதுக்குப் பின் அப்பிள்ளையின் கதி என்ன என்று சட்டம் கேட்கவில்லை. பெரட்டுக்களம் கேட்டது.

1945இல் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியைக் கொணர்ந்தார். தோட்டப் பாடசாலை பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவன் பிள்ளைக்காக வாதாட யார் வருவார்? 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் நம் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டன. தோட்டங்கள் 1972, 1975இல் அரசுடைமையான பின்னரே, 1977 முதல் படிப்படியாக அவை அரசின் கைக்கு வந்தன. ஐம்பத்தேழு ஆண்டுகள் தோழர்களே!

மாறுதலே இல்லை என்பவன் அல்லன் நான். சுவீடன் நாட்டின் உதவியால் கட்டிடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உண்டு. லயத்துப் பிள்ளைகள் ஆசிரியராகவும் சட்டத்தரணிகளாகவும் வெளிவந்துள்ளனர். கட்டாயக் கல்வியின் வயது 2016இல் ஐந்து முதல் பதினாறு என உயர்ந்தது. ஆயினும் உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியரில்லாத மலையகப் பாடசாலைகள் பல. வைத்தியராக விரும்பும் பிள்ளை கலைப் பிரிவிலே அமர்கிறது. அன்று பத்து வயதில் அடைத்த கதவை இன்று பதினாறில் அடைக்கிறோம்.

என் வேண்டுகோள் ஒன்றே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் அனைவருக்கும் உரியது. பாட்டனாருக்கு மறுக்கப்பட்ட அந்தச் சொல் இன்று நம்முடையது. உங்கள் பாடசாலையில் எத்தனை ஆசிரியர் இடங்கள் வெறுமையாயுள்ளன, எப்போது நிரப்பப்படும் என்று வலயக் கல்வி அலுவலகத்தை எழுத்தில் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தம் முடிவை அவர்கள் அறிவித்தாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். மனு எழுத இளம் சட்டத்தரணிகள் நால்வர் பின்மேசையில் அமர்ந்திருக்கின்றனர். பாடசாலையின் பெயரையும், ஆசிரியரில்லாத பாடத்தையும் சொன்னால் போதும்.