நல்ல சேதி மட்டும் போதுமா?



தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சாலைக்குக் குறுக்கே வளைவு வளைவாக வண்ண விளக்குகள். கேம்பல் லேனில் கால் வைக்க இடமில்லாத தீபாவளிச் சந்தை. தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலையில், கட்டட வேலை செய்யும் நம் ஊர்த் தம்பிகள் புல்தரையில் உட்கார்ந்து, "புடவை வந்து சேர்ந்ததா அம்மா? கலர் பிடிச்சிருக்கா?" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதே மாலையில், கொஞ்சம் தள்ளி ஒரு மேடைக்குப் பின்னால், ஒரு நடன ஆசிரியை பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குச் சலங்கை கட்டிக்கொண்டிருப்பார். ஊரிலிருந்து வந்த அழைப்பு கைப்பைக்குள் அடித்து ஓய்ந்திருக்கும். மற்றவர்களுக்குப் பண்டிகை என்றால் கலைஞர்களுக்கு அது வேலை நாள். வெளிநாட்டில் வாழும் கலைஞர் ஊரோடு உறவைப் பேணுவது பற்றிப் பேசும்போது, பலர் கவனிக்காத விஷயம் இதுதான்.

அவர்களுடைய ஆண்டு நாட்காட்டியைப் பாருங்கள். நவம்பரில் எஸ்பிளனேட் அரங்கில் 'கலா உத்சவம்' நடக்கும். 2002-இல் தொடங்கிய விழா அது. நவம்பர் பாதியில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஆண்டு இறுதி விடுமுறை விடுகிறார்கள். உடனே பெட்டி கட்டிக்கொண்டு சென்னைக்கு வருகிறார்கள். ஊருக்கா வருகிறார்கள்? மார்கழிக் கச்சேரிகளுக்கு! காலையில் குருவிடம் பாடம், மாலையில் சபா, நடுவே மயிலாப்பூரில் நகை, உடை, சலங்கை வாங்கும் அலைச்சல். கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும் அம்மாவுக்கு மிஞ்சுவது இரண்டு நாள். ஜனவரி பிறந்ததும் பள்ளி திறந்துவிடும். ஊரில் பொங்கல் பானை வைக்கும்போது பெண் திரும்பவும் சிங்கப்பூரில் தட்டுக்கழியோடு உட்கார்ந்திருப்பார்.

முன்னோடிகள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் பெரிதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் உண்மைதான். கே. பி. பாஸ்கர் 1952-இல் ஆஸ்திரேலியா போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்கியவர், அங்கேயே தங்கி நடனப் பள்ளி தொடங்கினார். அவரை மணந்து 1955-இல் கேரளத்திலிருந்து வந்த சாந்தா அப்போது பதின்பருவப் பெண். கொழும்பில் பிறந்து கலாக்ஷேத்திராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம் 1974-இல் கணவரோடு வந்தார். 1977-இல் 'அப்சரஸ் ஆர்ட்ஸ்' தொடங்கினார். சாந்தாவும் நீலாவும் சிங்கப்பூர் அரசின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றவர்கள். மூவரும் இன்று நம்மிடையே இல்லை.

அந்தத் தலைமுறை நாகப்பட்டினத்தையும் சென்னையையும் சிங்கப்பூரோடு இணைத்த 'ரஜுலா' போன்ற கப்பல்களின் தலைமுறை. ஊருக்குப் போக ஒரு வாரம் கடலில். மற்றபடி நீல நிற ஏரோகிராம்தான். மூன்று பக்கமும் எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் நுணுக்கி எழுதி மடித்து ஒட்டுவார்கள். ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1958-இல் சாந்தா பாஸ்கர் ஒரு சீனக் காதல் கதையை எடுத்து, 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' என்று பரதநாட்டிய நாடகமாக அமைத்தார். அதைக் கடிதத்தில் ஊருக்கு எப்படிச் சொல்வது? கதையை எழுதலாம், கைதட்டலை எழுதலாம். ஆட்டத்தை எழுத முடியுமா?

சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டு 150 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனால் சாதாரணக் குடும்பத்துக்குத் தந்தி வந்தால் வாசலிலேயே அழுகை தொடங்கிவிடும். வேறு எதற்குத் தந்தி கொடுப்பார்கள்? பிறகு டிரங்க் கால் வந்தது. அதன்பின் தேக்கா கடைகளில் தொலைபேசி அட்டை. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 3,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பி கடலுக்கடியில் போடப்பட்டது. இன்று காசில்லாமலே முகம் பார்த்துப் பேசலாம்.

நேரம்தான் இடிக்கிறது. 1981 முடியும்வரை இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 2 மணி நேரம். 1982 ஜனவரி 1-இல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இரண்டரை மணி. வகுப்பு முடிந்து ஆசிரியை வீடு திரும்பும்போது இரவு பத்து, ஊரில் ஏழரை. அம்மா சீரியலில் மூழ்கியிருக்கும் வேளை! அந்த நேரத்தில் பேசினால் என்ன பதில் வரும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும்.

சிரிக்கலாம். ஆனால் அந்த "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்" என்கிற பதிலில்தான் சிக்கலே இருக்கிறது. "அடுத்த வாரம் அவளுக்கு நிகழ்ச்சி, அப்பாவுக்கு ஆஸ்பத்திரி என்று இப்போது சொல்லாதே" என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பக்கமும் அப்படித்தான். மேடைப் படம் மட்டும் குடும்பக் குழுவுக்குப் போகும். வாடகை ஏறியதும், நான்கு மாணவிகள் நின்றுவிட்டதும் போகாது. இரண்டு பக்கமும் அன்பினால் பொய் சொல்கிறார்கள். கப்பல் காலத்தில் செய்தி தாமதமாக வந்தது என்றால், குறை கடலுடையது. இன்று தாமதமாக வந்தால்?

2020 மார்ச்சில் இதற்கான விலையைப் பலர் கொடுத்தார்கள். இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்தியது. சிங்கப்பூர் வருகையாளர்களுக்குக் கதவை மூடியது. மே மாதம் 'வந்தே பாரத்' சிறப்பு விமானங்கள் வந்தன. ஆனால் வேலை அனுமதியில் இருப்பவர் ஊருக்குப் போய்விட்டால், திரும்பி வரத் தனி அனுமதி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பிழைப்பு போய்விடும். பெற்றவரின் இறுதிச் சடங்கைக் கைபேசித் திரையில் பார்த்துவிட்டு, அழுது முகம் கழுவி, அதே திரையில் பிள்ளைகளுக்கு 'தெய்யா தெய்' சொன்னவர்கள் உண்டு. வழக்கமான விமானச் சேவையை இந்தியா முழுமையாகத் திறந்தது 2022 மார்ச் 27-இல்தான்.

அதற்குப் பிறகு சில குடும்பங்களில் ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. அண்ணனோ சித்தியோ, யாராவது ஒருவர் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நிகழ்ச்சி இருந்தாலும் சரி. நல்ல ஏற்பாடு. வேறு சிலருக்கோ கலையே கைகொடுக்கிறது.

தை முதல் நாள் காலை. லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்காக மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள், நகரத்துப் பிள்ளைகள் பார்ப்பதற்காக. நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்க்க வந்த நடன ஆசிரியை, கைபேசியில் அம்மாவுக்கு மாட்டைக் காட்டுகிறார். சிங்கப்பூரில் ஒன்பது மணி, ஊரில் ஆறரை.

"என்னடி, மாடு இளைச்சுக் கிடக்கு?"

"அதை விடும்மா. உன் முட்டி வலி எப்படி இருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்போ போனை அங்கே சாய்ச்சு வச்சிட்டு, வாசல் வரைக்கும் நடந்து காட்டு."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறார். ஆயிரம் பிள்ளைகளின் அடவைத் திருத்திய கண்ணுக்கு நாலு எட்டு போதும். இடது காலில் எடையே விழவில்லை. மகள் ஒன்றும் சொல்லாமல், பொங்கல் பொங்கிவிட்டதா என்று கேட்டு வைத்துவிட்டு, அடுத்து அண்ணன் எண்ணை அழுத்துகிறார்.