பிடியாணை வீட்டுக்கு வந்தால்



நூற்றாண்டு விழாவிலே பிடியாணையைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகஞ்சுழிக்கலாம். ஆனால் தம்பிக்கும் மருமகனுக்கும் பிணை நிற்பவர்கள் நாங்கள்தான். பொலிஸார் படலையைத் தட்டும்போது முதலில் வெளியே வருபவர்களும் நாங்கள்தான்.

முதலில் வருவது அழைப்பாணை. குறித்த தவணைக்கு நீதிமன்றுக்கு வரவேண்டும் என்பதே அதன் பொருள். அதைக் கண்டு கலங்கத் தேவையில்லை. அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. தவணைக்குப் போகாவிட்டால் பிடியாணை பிறக்கலாம். வெறும் சாட்சியாக அழைக்கப்பட்டவருக்கும் இது பொருந்தும்.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பிடியாணை எழுத்தில், கையொப்பத்துடன் இருக்கவேண்டும். நிறைவேற்றப்படும்வரை, அல்லது பிறப்பித்த நீதிமன்று இரத்துச் செய்யும்வரை அது வலுவில் இருக்கும். "பத்து வருசமாச்சு, இனி ஆர் தேடப்போகினம்?" என்ற பேச்சு எங்கள் ஊர்களில் தாராளம். காலம் கடந்ததால் பிடியாணை காலாவதியாவதில்லை. திருவிழாவுக்கென்று வெளிநாட்டிலிருந்து வருபவருக்கும் அது பழைய வழக்கில் காத்திருக்கலாம். ஆள் தலைமறைவு என்று கண்டால் நீதிமன்று திறந்த பிடியாணை பிறப்பிப்பதும் உண்டு.

பிணையாளியின் பாடு தனி. பிணையில் சென்றவர் தவணைக்கு வராவிட்டால் அவருக்குப் பிடியாணை; பிணை நின்றவரிடம் நீதிமன்று காரணம் கேட்கும், முறியிலுள்ள தொகையையும் அறவிடலாம். உறவுக்காகக் கையொப்பமிடுகிறோம், சரி. அடுத்த தவணை எப்போது என்பதையும் கலண்டரில் குறித்துவைப்போமே!

நுண்கடன் வசூலிக்க வருபவர் "வாரண்ட் வரும்" என்று மிரட்டினால், பிடியாணை பிறப்பிப்பது நீதிமன்றே, நிறுவனம் அல்ல என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

பிடியாணை இல்லாமல் எவரையும் கொண்டுபோக முடியாது என்று நினைப்பதும் பிழை. பல குற்றங்களுக்குப் பொலிஸார் அது இல்லாமலே கைதுசெய்யலாம். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழான தடுப்புக்காவல் எங்களுக்குச் சொல்லித்தரவேண்டிய ஒன்றல்ல. ஆனால் கைதுக்கான காரணத்தைச் சொல்லியாகவேண்டும். அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. பிடியாணையோடு வந்தால் அதன் சாராம்சத்தைத் தெரிவிக்கவேண்டும், கேட்டால் காட்டவேண்டும். மரியாதையாகக் கேளுங்கள். வழக்கு இலக்கத்தையும் நீதிமன்றின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டைத் தேடும் ஆணை வேறு. அது இடத்துக்குரியது. தேடும்போது வீட்டார் உடனிருக்கலாம்; எடுத்த பொருட்களின் பட்டியலில் ஒரு பிரதியையும் கேட்டுப் பெறலாம். பெண்ணைச் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு பெண்ணே, கண்ணியத்தோடு சோதிக்கவேண்டும். இதை உங்கள் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

பிடியாணை இருப்பதாகத் தெரிந்தால் ஒளிக்காமல், சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் இட்டு, தாமாகவே நீதிமன்றில் முன்னிலையாவதே நல்லது. வருத்தமாய்க் கிடந்து தவணையைத் தவறவிட்டிருந்தால் வைத்தியச் சான்றிதழைக் கொண்டுபோங்கள். தாமாக வந்தவரையும் பிடித்துக்கொண்டுவந்தவரையும் பிணை கேட்கும்போது ஒரே கண்ணால் பார்ப்பது அரிது. பிடியாணை மீளப்பெறப்பட்டால், அந்தக் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியை வாங்கிக் கைப்பையிலேயே வைத்திருங்கள். செய்தி பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச்சேரச் சில நாள் எடுக்கலாம்.