பனிக்காலத்தில் டீசல் வண்டி கிளம்பவில்லையா? புகையைப் பாருங்கள்!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஊட்டிப் பகுதிக் குழு உறுப்பினர்கள் பேசியது)



எங்க குழுவில் 12 பேர். வங்கிக் கடனில் பழைய டீசல் பிக்கப் ஜீப் ஒன்று வாங்கி, கேரட், பீட்ரூட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறோம். விடியறதுக்கு முன்னாடியே மலை இறங்கணும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற நாளில் வண்டி எழுந்திருக்காது. ஏலம் தவறினால் அன்றைய விலை போச்சு. ஆனால் கடன் தவணை நமக்காகக் காத்திருக்குமா?

2023 டிசம்பரில் ஒரு மெக்கானிக் வண்டியைப் பார்த்ததுமே, "டீசல் பம்பைக் கழற்றணும், 18 ஆயிரம் ஆகும்" என்றார். இன்னொருவரிடம் காட்டினோம். நாலு ஹீட்டர் பிளக்கில் மூணு செத்துப் போயிருந்தது. பம்புச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு, எங்களுக்குப் புரிகிற வரைக்கும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான். இன்ஜின் காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக நசுக்கும். அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். பனியில் இரும்பே சில்லென்று இருந்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். ஊட்டி மாதிரி உயரமான இடத்தில் காற்றும் லேசு. அதனால்தான் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியைப் போட்டதும் சுருள் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும். பாதி டிரைவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை!

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது சத்தமும் புகையும்தான். இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியைப் பாருங்கள். குளிரில் பேட்டரிக்குத் தெம்பு குறையும், ஆயிலும் கெட்டிப்படும். முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்தாலே சில நேரம் சரியாகிவிடும். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் வருகிறது என்றால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. முதலில் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 12 வோல்ட் பல்பு வழியாகப் பிளக்கைத் தொட்டால் பல்பு எரியணும். எரியவில்லை என்றால் பிளக் போச்சு. அதுவும் சரி, ஃபியூசும் ரிலேயும் சரி என்றால்தான் இன்ஜினின் அமுக்கத்தைப் பார்க்கணும்.

சுற்றுகிறது, புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லை எங்கேயாவது காற்றுப் பிடித்திருக்கும். ஃபில்டரின் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட்டு, கைப் பம்பு கெட்டியாகும் வரை அமுக்கணும். இது எங்க பழைய மாடலுக்குச் சொல்வது. புது காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப்பை யாரும் கையால் தளர்த்தக் கூடாது. அந்த அழுத்தம் தோலையே துளைத்துவிடும்.

"டீசல் உறைஞ்சு போச்சு" என்றும் சிலர் சொல்வார்கள். டீசலில் மெழுகு இருக்கிறது, உண்மைதான். லடாக்குக்காக 2019-ல் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரி வரைக்கும் ஓடக்கூடிய தனி டீசலையே கொண்டுவந்தது. நம்ம ஊரில் சந்தேகம் இருந்தால், கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீசல் பிடித்து ராத்திரி வெளியே வையுங்கள். காலையில் தெளிவாக இருந்தால் மெழுகு காரணம் இல்லை. கலங்கியிருந்தால், வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டர் மேல் சுற்றினால் போதும்.

டேங்குக்கு அடியில் தீ மூட்டுவதை எந்தக் குழுவும் அனுமதிக்காதீர்கள். காற்றுக் குழாயில் பெட்ரோல் துணி வைப்பதும், ஸ்பிரே அடிப்பதும் அதே மாதிரிதான். ஹீட்டர் பிளக் சூடாக இருந்தால் வெடித்துவிடும். மண்ணெண்ணெய் கலந்தால் பம்பு தேயும். சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜின் ஓடாததால் பிரேக் கல்லு மாதிரி இருக்கும், அதையும் ஞாபகம் வைக்கணும். சாவியை ஒரே பிடியாக 10 விநாடிக்கு மேல் திருப்பிப் பிடிக்காமல், அரை நிமிஷம் விட்டு மறுபடி போடுங்கள். எங்க வண்டியை இப்போதெல்லாம் ராத்திரி கூரைக்கடியில்தான் நிறுத்துகிறோம். பேட்டரி வாங்கிய தேதி, பிளக் மாற்றிய தேதி இரண்டும் தீர்மானப் புத்தகத்திலேயே இருக்கிறது.