காலமறிதலும் கணினியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டு நிறைவு விழாவில் சங்க இலக்கியம் பற்றியோ புதுக்கவிதை பற்றியோ பேசாமல், கணினியின் இயங்குதளத்தை எப்போது மாற்றுவது என்று தமிழ் விரிவுரையாளர் ஒருவர் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இத்தலைப்புக்கான காரணம் நம்மிடமே இருக்கிறது. நம் கவியரங்கங்களில் இந்தப் பத்தாண்டுகளில் படிக்கப்பெற்ற கவிதைகளில் பெரும்பகுதி இன்று தாளில் இல்லை. உறுப்பினர்களின் வீட்டுக் கணினிகளிலும் அச்சகத்துக் கணினிகளிலும் அவை உறைகின்றன. "புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்று திரையில் அறிவிப்பு வருகிறதே, மாறலாமா? மாறினால் என் கவிதைகள் என்ன ஆகும்?" என்ற கேள்வியை நம் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடையைச் சொல்ல முயல்கிறேன்.

வள்ளுவப் பெருந்தகை காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் முடிவில் கொக்கை உவமை காட்டுகிறார். பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. கொக்கு வெறுமனே காத்திருப்பதும் இல்லை. கண்டதையெல்லாம் கொத்துவதும் இல்லை. காத்திருத்தல், கொத்துதல் இரண்டும் சேர்ந்ததுதான் காலமறிதல். கணினி விஷயத்தில் நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். புதியது வந்த அன்றே ஏற்கவேண்டும் என்போர் ஒரு கட்சி. ஓடுகிறவரை ஓடட்டும் என்போர் மறு கட்சி. இரண்டும் கொக்கின் பாதியை மட்டுமே கற்றவை.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள். அதற்கு ஆயுட்காலம் உண்டு. அக்காலம் முடியும்வரை அதில் காணப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை அதை வெளியிட்ட நிறுவனம் அனுப்பிக்கொண்டிருக்கும், முடிந்தபின் நிறுத்திவிடும். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளோடும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. அந்நாள் வந்தவுடன் கணினி நின்றுவிடுவதில்லை. கதவின் பூட்டு பழுதானால் பார்க்க ஆளில்லை என்பதே அதன் பொருள்.

முதலில் அவசரத்தின் குற்றத்தைக் காண்போம். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு வந்த பெரிய மேம்படுத்தலை உடனே நிறுவிக்கொண்டவர்களில் சிலருடைய ஆவணக் கோப்புகள் அழிந்தன. மைக்ரோசாப்ட் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்து, பிழை திருத்தி நவம்பரில் மீண்டும் வெளியிட்டது. ஆறு வாரம் பொறுத்தவர்களுக்கு இழப்பில்லை. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான இற்றைப்படுத்தல் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானமேறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தார்கள். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாற்றம் செய்வதன் ஆபத்தை அந்நாள் காட்டியது.

அடுத்துத் தாமதத்தின் குற்றம். 2017 மே 12ஆம் நாள் வானாகிரை என்னும் பணயத் தீநிரல் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இலட்சக்கணக்கான கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பின. சென்னைக்கருகே ஒரகடத்தில் உள்ள ரெனால்ட்-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, 2017 மார்ச்சில், வெளியாகியிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை பழைய எக்ஸ்பி அல்ல. அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. பழைமையைவிட, வந்த மருந்தை உண்ணாமைதான் பெரும் கேடு விளைத்தது. ஆகவே இரண்டு செயல்களை நாம் பிரித்தறிய வேண்டும். சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடலாகாது. புதிய பதிப்புக்கு மாறுவதை ஆய்ந்து, நாள் குறித்துச் செய்யலாம்.

நம் வட்டத்தில் தொழிற்சாலைகளில் பணிபுரியும் கவிஞர்கள் பலர் உள்ளனர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய் கண்டிகையிலும், காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் வேலை பார்ப்போர் வேறொரு கேள்வி எழுப்பக்கூடும். "எங்கள் ஆலையில் சி.என்.சி. இயந்திரத்தை இயக்கும் கணினி இன்னும் எக்ஸ்பியில்தானே ஓடுகிறது, அது தவறா?" என்பது அக்கேள்வி. தவறென்று ஒரே சொல்லில் கூறிவிட முடியாது. உலோகம் கடையும் இயந்திரம் இருபது ஆண்டுக்கு மேலும் உழைக்கும். அதை இயக்கும் மென்பொருள் குறிப்பிட்ட ஒரு பதிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்கும். இயங்குதளத்தை மாற்றினால் நல்ல இயந்திரம் நின்றுபோகலாம். அதனை மாற்றாமல், இணையத்திலிருந்தும் பிற கணினிகளிலிருந்தும் பிரித்துவைத்து, உள்ளே வரும் ஒவ்வொரு பென்டிரைவையும் சோதிப்பதே அங்குத் தக்க வழி. பிரித்துவைப்பதில் தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்குத் தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் சான்று. 2018 ஆகஸ்டில் புதிய கருவி ஒன்றைச் சோதிக்காமல் வலையமைப்பில் இணைத்ததால் வானாகிரையின் திரிபு ஒன்று பரவி, உலகப் புகழ்பெற்ற அந்தச் சில்லு ஆலைகளின் உற்பத்தியைப் பாதித்தது. ஆனால் அதே ஆலையில் சம்பளக் கணக்கும் மின்னஞ்சலும் பார்க்கும் கணினிக்கு இந்தச் சலுகை கிடையாது. அது நாள்தோறும் வெளியுலகோடு பேசுவது; ஆதரவுள்ள இயங்குதளத்தில்தான் இருக்கவேண்டும். கணினியின் வயதைக் கேட்பதற்கு முன், அது யாரோடு பேசுகிறது என்று கேளுங்கள்.

மாற்றுவது என்று முடிவானபின் எவ்வாறு மாற்றுவது என்பதற்கு நம் ரிசர்வ் வங்கி ஒரு முன்மாதிரி தந்தது. ஆதரவு முடிந்த எக்ஸ்பியிலேயே பல ஏ.டி.எம்.கள் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு, 2018 ஜூனில் அது வங்கிகளுக்கு ஆணையிட்டது. செப்டம்பருக்குள் கால்பங்கு, டிசம்பருக்குள் அரைப்பங்கு, 2019 மார்ச்சுக்குள் முக்கால்பங்கு, ஜூனுக்குள் முழுமையும் என்பது ஆணை. எக்ஸ்பியின் ஆதரவு முடிந்து நான்காண்டு கழித்து வந்த ஆணை என்பதால் காலத்தே செய்தது என்று பாராட்ட இயலாது. ஆயினும் படிப்படியாகச் செய்யும் முறையும், முடிவுநாளைக் குறிக்கும் உறுதியும் நாம் கைக்கொள்ளத் தக்கவை.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இல்லாத இடர் ஒன்று நமக்குண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'தமிழ்' என்று தட்டினால், கணினி சேமித்து வைப்பது தமிழை அன்று. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. இயங்குதளம் மாறி, அந்த எழுத்துரு உடன் வராவிட்டால் போர்வை விலகும். கவிதை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். போர்வையைத் தேடிப் போர்த்தினால் மீளலாம். எந்த எழுத்துரு என்று அறிந்தவர் இல்லாதபோது மீட்பது அரிது. 1990களில் 16 பிட் நிரல்களாக எழுதப்பட்ட தமிழ் மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் ஓடமாட்டா. விண்டோஸ் 11 64 பிட்டாக மட்டுமே வருகிறது. அச்சகத்தார் பலர் விடாத பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பு 2001இல் வந்த 7.0, அது ஒருங்குறித் தமிழை அறியாது.

இதற்குத் தீர்வு ஒருங்குறி. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்று உலகம் முழுவதற்கும் பொதுவான எண்கள் உண்டு. 1991இலேயே தமிழ் அதில் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 முதல் இயங்குதளத்திலேயே ஆதரவு கிடைத்தது. 2010இல் தமிழக அரசு அதனைத் தன் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் உள்ள கவிதை விண்டோஸ் 10இலும் 11இலும் லினக்ஸிலும் கைப்பேசியிலும் தமிழாகவே இருக்கும். பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் முதலிய கருவிகள் உள்ளன. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பார்ப்பது கட்டாயம். பழைய எழுத்துருக்களில் காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோலிருந்ததால் தட்டச்சர்கள் ஒன்றற்கு மற்றொன்றைத் தட்டியதுண்டு. மாற்றும் கருவிக்குக் கண்ணில்லை. அது 'காலம்' என்பதைக் 'கரலம்' என்று தந்துவிடும். அந்தப் பிழையைக் கண்டறிய எழுதிய கவிஞர் வேண்டும்.

இவ்விடத்தில் நம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதிய முறை நினைவுக்கு வருகிறது. பனையோலைக்கும் ஆயுள் உண்டு. ஓலை முற்றும் ஒடியுமுன், எழுத்து இன்னும் படிக்கக் கிடைக்கும்போதே புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுதப்பட்ட நூல்கள் நமக்குக் கிடைத்தன. காலம் தவறியவற்றின் பெயர் மட்டும் உரைகளில் எஞ்சியது. புதிய ஓலை வந்தது என்பதற்காகவும் அவர்கள் பெயர்க்கவில்லை. பழைய ஓலை பழகியது என்பதற்காக விட்டுவைக்கவும் இல்லை. நன்னூலின் சொல்லதிகாரத்தை நிறைவு செய்யும் நூற்பாவும் பழையது போவதையும் புதியது வருவதையும் காலத்தின்மேல் வைத்தே ஏற்கிறது. புதுமை என்பதையே அது காரணமாகக் காட்டவில்லை.

ஆகவே நாள் குறிக்குமுன் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டுகிறேன். இக்கணினி இணையத்தில் இணைந்துள்ளதா? இதன் இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் எந்நாள்வரை? என் மென்பொருளும் அச்சுப்பொறியும் புதிய பதிப்பில் ஓடுமா? என் கோப்புகள் வேறோரிடத்தில் பத்திரமாக உள்ளனவா? முதல் வினாவுக்கு 'ஆம்' என்றும் இரண்டாம் வினாவுக்கு 'முடிந்துவிட்டது' என்றும் விடை வந்தால் மாற்றத் தயங்காதீர்கள். நான்காவதற்கு 'இல்லை' என்று விடை வந்தால், அதைச் சரிசெய்யும்வரை மாற்றத்தைத் தொடங்காதீர்கள். திருத்தம் வந்துகொண்டிருக்கும் கணினியாயின், புதிய பதிப்பு வெளிவந்து சில மாதங்கள் கழித்து, பிறர் பட்ட இடர்கள் தெரிந்தபின் மாறுவது அறிவுடைமை.

பழைய கணினிகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் 4 ஜி.பி. நினைவகமும் வேண்டும், 2017க்கு முற்பட்ட கணினிகள் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. அதனால் நல்ல கணினியைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தை விலையின்றி நிறுவலாம். அதில் லிப்ரெ ஆபிஸ் கொண்டு ஒருங்குறித் தமிழில் எழுதலாம். இது நம் பகுதிக்குப் புதியதன்று. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் நம் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கப்பெற்றது. அந்தத் திட்டத்தின் தொடக்கக் கால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7உடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அன்று மாணவர் பலர் திறந்தே பார்க்காத அக்கதவு இன்று பயன்தரும்.

நிறைவாக, பொறுப்பாளர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகள் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றி, அவரவர் கவிதையை அவரவரே மெய்ப்புப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாவது, அவற்றுக்கு மூன்று படிகள் வேண்டும். ஒன்று வட்டத்தின் கணினியில், ஒன்று வேறோர் உறுப்பினர் இல்லத்தில் தனி வட்டில், ஒன்று தாளில். மூன்றாவது, பழைய எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் உள்ள கணினி ஒன்றை இணையத்தில் இணைக்காமல் வைத்திருங்கள். கடைசிக் கோப்பு பெயர்க்கப்படும்வரை அது நமக்குத் தேவை. இவை முடிந்தபின் இயங்குதளத்தை மாற்றுங்கள்; முதலில் ஒரு கணினியில், அதில் கவிதைகள் பழுதின்றித் திறந்தபின் மற்றவற்றில்.

நம் உறுப்பினர்களில் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் கவிதையில் 'கரலம்' என்று வந்தால் திருத்தித்தர அவர்கள் வரப்போவதில்லை. கேட்டவர்களாகிய நாம்தான் திருத்தவேண்டும். கேட்ட செவிகளில் அவை ஒலித்துக்கொண்டிருக்கும் காலமே அப்பணிக்கு ஏற்ற காலம்.